ஆயிரம் பேர் நிற்க, ஒரு படகு போகலாமா?

ஒருவருக்காக ஆயிரம் பேர் காத்திருப்பது நியாயமா, அல்லது ஆயிரம் பேருக்காக அந்த ஒருவர் காத்திருப்பது நியாயமா? இக்கேள்வியை யாரிடம் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லிவிடுவார்கள். "ஆயிரம் பேருடைய நேரம் பெரிதா, ஒருவருடைய நேரம் பெரிதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நியாயம் எப்போதும் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. உலகில் சில இடங்களில் அந்த ஒருவருக்காக ஆயிரம் பேரை நிறுத்தி வைக்கச் சட்டமே செய்து, அதை நாள்தோறும் நடைமுறைப்படுத்தியும் வருகிறார்கள். அத்தகைய இடங்களுள் ஒன்றுதான் தூக்குப் பாலம். இரும்பாலும் இயந்திரத்தாலும் ஆன இந்தப் பாலம் ஒழுக்கத்தைப் பற்றி நமக்கு என்ன சொல்லப் போகிறது என்று வாசகர்கள் வியக்கலாம். சற்றுப் பொறுமையோடு தொடர்ந்து வருமாறு வேண்டுகிறோம்.

தூக்குப் பாலம் என்றதும் நம்மவர்களுக்குப் பாம்பன்தான் நினைவுக்கு வரும். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த இரயில் பாலத்தின் நடுப்பகுதியைப் பணியாளர்கள் தம் கைகளாலேயே சுற்றித் திறந்து கப்பல்களுக்கு வழிவிட்டு வந்தார்கள். 2022 டிசம்பரில் அதன் மீது இரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. அருகில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. ஆனால் பாம்பனில் படகுக்கு வழிவிடுவது இரயில். அதற்கு முன்னரே வகுக்கப்பட்ட கால அட்டவணை உண்டு. பக்கத்திலே 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமோ உயரமாகக் கட்டப்பட்டது. அதில் செல்வோர் எந்தப் படகுக்காகவும் நிற்க வேண்டியதில்லை. நம்முடைய கேள்வி முழு வேகத்தோடு எழுவது, சாலையும் படகும் ஒரே இடத்தில் குறுக்கிடும் பாலத்தில்தான். அதற்கு இலண்டன் மாநகரின் டவர் பிரிட்ஜைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒரு பாலமும் ஒரு வாக்குறுதியும்

இலண்டன் நகரின் நடுவே தேம்ஸ் நதி ஓடுகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்நகரின் கிழக்குப் பகுதியில் மக்கள்தொகை பெருகிவிட்டது. அவர்கள் நதியைக் கடக்க வேண்டுமானால் மேற்கே வெகுதூரம் சுற்றிச் சென்று, ஏற்கெனவே நெரிசல் மிகுந்த இலண்டன் பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கிழக்கிலும் ஒரு பாலம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தப் பகுதிதான் இலண்டனின் பழைய துறைமுகம். இரு கரைகளிலும் சரக்கு இறக்கும் துறைகள். உயர்ந்த பாய்மரங்களோடு கப்பல்கள் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே தாழ்வான பாலம் ஒன்றைக் கட்டினால் மேலே உள்ள துறைகளுக்குக் கப்பல் வர இயலாது. மிக உயரமாகக் கட்டலாமென்றால் கரைகள் தாழ்ந்தவை. பாலத்தின் மீது ஏறுவதற்கே நெடுந்தூரம் சரிவுப் பாதை அமைக்க வேண்டும். பாரம் இழுக்கும் குதிரைகள் பாடுபட்டுப் போகும். 1876இல் திட்டங்கள் கேட்டபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. முடிவில் ஹொரேஸ் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் ஜான் வொல்ஃப் பாரி என்ற பொறியாளரும் வகுத்த திட்டம் ஏற்கப்பட்டது. 1885இல் பாராளுமன்றம் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1886இல் வேலை தொடங்கி, 1894 ஜூன் 30ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது.

இரு கோபுரங்களுக்கும் நடுவே 61 மீட்டர் அகலம். அங்கே சாலை இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதியும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடை கொண்டது. ஒவ்வொன்றின் பின்முனையிலும் அதற்கு ஈடான எடை வைக்கப்பட்டிருப்பதால், தராசுத் தட்டைப் போல அவை சமநிலையில் நிற்கின்றன. தூக்குவதற்குப் பெரும் பலம் தேவைப்படுவதில்லை. 1970களின் நடுப்பகுதிவரை நீராவியின் துணையால் தண்ணீரை அழுத்தி அந்த அழுத்தத்தைக் கொண்டு தூக்கினார்கள். 1976 முதல் மின்சாரமும் எண்ணெயும் அந்த வேலையைச் செய்கின்றன.

இதைவிட நாம் கவனிக்க வேண்டியது பாலத்தோடு பிறந்த விதியைத்தான். நதியில் செல்லும் கலங்களுக்கே அங்கு முதல் உரிமை. பாய்மரமோ மேற்கட்டுமானமோ 9 மீட்டர் அளவு உயர்ந்த எந்தக் கலமும், 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்து மூலம் அறிவித்துவிட்டால், ஆண்டின் எந்த நாளிலும், இரவோ பகலோ எந்த நேரத்திலும், அதற்காகப் பாலம் திறக்கப்படும். கட்டணம் எதுவும் இல்லை. சாலையில் எத்தனை பேர் நின்றாலும் அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பாலத்தைப் பராமரிப்பது அரசாங்கப் பணம் அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னோர் பாலங்களுக்கென்று விட்டுச் சென்ற நிலங்களும் வாடகைகளும் சேர்ந்து உருவான ஒரு பழைய அறக்கட்டளை, பல நூற்றாண்டுகளாக இலண்டன் பாலங்களைக் காத்து வருகிறது. இன்றைக்கு அது ஐந்து பாலங்களுக்குப் பொறுப்பு வகிக்கிறது. நம்மிடையே வக்ஃபு என்று வழங்குவதை இது நினைவூட்டுகிறது அல்லவா? பொருளை மட்டும் வைத்துவிட்டுப் போகாமல், அதனோடு ஒரு வாக்கையும் வைத்துவிட்டுப் போகும்போதுதான் அறம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

அந்த வாக்கு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு ஒரு சான்று. 1997 மே 29ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் இலண்டனுக்கு வந்திருந்தார். பிரிட்டிஷ் பிரதமரோடு பாலத்தின் அருகே உணவருந்திவிட்டுத் திரும்பும்போது, அவருடைய பாதுகாப்புக் கார் வரிசை பாலத்தின் மீது வந்தது. அந்த நேரம் கிளாடிஸ் என்ற பழைய பாய்மரத் தோணிக்கு முன்னரே குறிக்கப்பட்ட நேரம். பாலம் திறந்தது. கார் வரிசை இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி பின்னால் நின்றுவிட்டது. உலகின் வலிமை மிக்க பதவியில் இருந்தவருக்காகவும் ஒரு தோணிக்குக் கொடுத்த நேரம் மாற்றப்படவில்லை. இதைப் படித்துச் சிலர் சிரிக்கலாம். நாம் சிரிப்பதற்கு முன், நமது ஊரில் ஒரு சாதாரணத் தலைவர் வருகைக்காக எத்தனை ஏழைகளின் நேரம் எப்படியெல்லாம் பறிக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

காரணம் போய்விட்டதா?

இனி நமது கேள்விக்கு வருவோம். அந்தச் சட்டம் செய்யப்பட்ட காலத்தில் துறைமுகம் உயிரோடு இருந்தது. கப்பல் நின்றால் வாணிகம் நின்றது. கூலிகளின் அடுப்பு எரியவில்லை. இன்று அந்த நிலை இல்லை. இலண்டனின் பழைய துறைகள் 1960களிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கப்பல்கள் கீழே கடலை நோக்கிப் போய்விட்டன. இன்று பாலத்தைத் திறக்கச் சொல்லி வருபவை பெரும்பாலும் பழைய பாய்மரத் தோணிகள், உல்லாசப் படகுகள், சுற்றுலாக் கலங்கள், எப்போதாவது ஒரு போர்க்கப்பல். ஆண்டொன்றுக்குச் சுமார் 800 முறை பாலம் திறக்கிறது. சாலை வழியே நாள் ஒன்றுக்குச் சுமார் 40,000 பேர் அதைக் கடக்கிறார்கள்.

அப்படியானால் பழைய விதியை இன்னும் வைத்திருப்பது ஏன்? மார்க்கச் சட்டம் பயின்றோர் நன்கறிந்த ஒரு விதி உண்டு. ஒரு சட்டம் எந்தக் காரணத்தால் ஏற்பட்டதோ அந்தக் காரணம் இருக்கும்வரை சட்டமும் இருக்கும். காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும். அந்தக் காரணத்தை 'இல்லத்' என்பார்கள். மது தானாகவே புளித்துக் காடியாகிவிட்டால் அது ஹலாலாகிவிடுகிறது; ஏனெனில் போதை என்ற இல்லத் அதிலிருந்து நீங்கிவிட்டது. இதே முறையில் ஒருவர் வாதிடலாம்: "துறைமுகமும் போயிற்று, வாணிகமும் போயிற்று. எனவே படகுக்கு முதல் உரிமை என்ற சட்டமும் போக வேண்டியதுதானே?"

வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எது இல்லத் என்பதைத் தவறாகப் பிடித்துக்கொண்டால் முடிவும் தவறாகிவிடும். படகுக்கு அங்கே உரிமை கிடைத்தது அது செல்வம் சுமந்து வந்ததாலா? அதன் வழியில் ஒருவர் குறுக்கே பாலம் போட்டதாலா? நன்கு சிந்தியுங்கள். நதி முன்னமே இருந்தது. படகு முன்னமே போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்தது பாலம். பிறருடைய வழியின் குறுக்கே நாம் ஒன்றைக் கட்டும்போது, "நீங்கள் வரும்போதெல்லாம் திறந்து விடுகிறோம்" என்று சொல்லித்தான் கட்டுகிறோம். அந்தச் சொல்லே பாலத்தின் அஸ்திவாரம். வாணிகம் போயிருக்கலாம். பாலம் போய்விட்டதா? நதியின் குறுக்கே அது இன்றும் நிற்கிறது. அது நிற்கும்வரை இல்லத்தும் நிற்கிறது. எனவே கடனும் நிற்கிறது.

ஆகவே ஆயிரம் பேர் படகுக்காகக் காத்திருப்பதை அவர்கள் படகுக்காரருக்குச் செய்யும் தயவு என்று கருதுவது சரியன்று. அது அவர்கள் செலுத்தும் கடன். மற்ற நேரமெல்லாம் நதியின் மீது நடந்து செல்லும் வசதியை அனுபவிக்கிறார்களே, அதற்கான விலையில் ஒரு சிறு பகுதியைச் சில நிமிடங்களாகக் கொடுக்கிறார்கள். கடன் கொடுத்தவர் ஒருவர், கடன் பட்டவர்கள் ஆயிரம் பேர் என்பதால் கடன் தள்ளுபடியாகிவிடுமா?

"பாலத்தைக் கட்டியவர்கள் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று சாலையில் நிற்பவர் செய்த குற்றம் என்ன?" என்று கேட்கலாம். குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தந்தையின் வீட்டை வாரிசாகப் பெறுகிறவர், அந்த வீட்டு முற்றத்தின் வழியே பக்கத்து வீட்டாருக்குள்ள நடைபாதை உரிமையையும் சேர்த்தே பெறுகிறார். வீடு வேண்டும், பாதை மட்டும் வேண்டாம் என்று அவர் சொல்ல முடியாது.

"சரி, உல்லாசமாகச் சுற்ற வந்த பணக்காரரின் படகுக்காக, வேலைக்குப் போகும் ஏழை நிற்பதா?" இது சற்றுக் கடினமான கேள்வி. ஆனால் சாலையில் நிற்கும் ஆயிரம் பேரிடமும் யாரும் "எதற்காகப் போகிறாய்?" என்று கேட்பதில்லையே. அவர்களுள்ளும் வேடிக்கை பார்க்கப் போகிறவர் உண்டு, விருந்துக்குப் போகிறவர் உண்டு. சாலையில் போகிறவரின் நோக்கத்தை விசாரிக்காத நாம், நீரில் போகிறவரின் நோக்கத்தை மட்டும் விசாரிப்பது நீதியாகாது. அஃதன்றி, சாலையில் செல்பவர் நிற்கலாம், திரும்பலாம், வேறு பாலம் தேடலாம். நீரோட்டத்தில் வரும் கலம் நினைத்த இடத்தில் நின்றுவிட முடியாது. ஓதத்துக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது அது. அதற்கு இருப்பதோ அந்த ஒரே வழி. காத்திருப்பதால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று பார்க்கும்போது தலைகளை மட்டும் எண்ணினால் போதாது.

கேட்பவருக்கும் கடமை உண்டு

இதைப் படித்துவிட்டு, உரிமை உள்ளவர் எப்படியும் நடந்துகொள்ளலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஹக்கு உடையவருக்கும் அதைக் கேட்கும் முறையில் கடமை உண்டு. டவர் பிரிட்ஜ் கட்டிய காலத்தில், கடக்க விரும்பும் கப்பல் பகலில் கருநிறப் பந்து ஒன்றை உயரத்தில் கட்ட வேண்டும். இரவில் இரண்டு சிவப்பு விளக்குகளை ஏற்ற வேண்டும். மூடுபனி நேரத்தில் நீராவிச் சங்கைத் திரும்பத் திரும்ப ஊத வேண்டும் என்று விதி இருந்தது. இன்று 24 மணி நேர முன்னறிவிப்பு அந்த இடத்தில் இருக்கிறது. திடீரென்று வந்து நின்று "திற" என்று அதட்டுவதற்கு இடமில்லை.

அமெரிக்காவின் தூக்குப் பாலங்களுக்கென்று அந்நாட்டு மத்திய அரசு வகுத்துள்ள சட்ட விதிகளில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. படகில் மடக்கக் கூடிய, இறக்கக் கூடிய, செலுத்துவதற்கு இன்றியமையாததல்லாத பகுதிகள் ஏதும் இருந்தால் அவற்றை முதலில் இறக்கிவிட வேண்டும். அவற்றை இறக்கினால் பாலத்தின் அடியில் புகுந்து போய்விடலாம் என்றிருக்கும்போது பாலத்தைத் திறக்கச் சொல்லவே கூடாது. எவ்வளவு அருமையான விதி! பிறரை நிறுத்துவதற்கு முன், நாம் தாழ்த்திக்கொள்ளக் கூடியது நம்மிடம் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. மனிதர்களுக்குள் நடக்கும் எத்தனையோ சண்டைகளில், வழி அடைபட்டிருப்பது உண்மையில் குறுகிய பாலத்தால் அல்லவே! இறக்க மனமில்லாத கொடிக்கம்பத்தால் அல்லவா?

கைப்பிடியைப் பிடித்திருப்பவர்

படகுக்கும் சாலைக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பாலத்தை இயக்குபவர். ஆயிரக்கணக்கான டன் எடையும், ஆயிரக்கணக்கானவரின் நேரமும் அவருடைய கையில் இருக்கின்றன. ஆனால் இரண்டில் எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. எல்லாம் அமானிதம். அவர் நதியின் பக்கமும் சாயக் கூடாது. சாலையின் பக்கமும் சாயக் கூடாது.

அவருடைய வேலை பார்ப்பதற்கு எளிது. முதலில் சாலையில் சிவப்பு விளக்கு எரியும், மணி ஒலிக்கும், தடுப்புகள் இறங்கும். பாலத்தின் மீது ஒரு வாகனமோ ஒரு பாதசாரியோ இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே, நடுவில் இரு பாதிகளையும் பூட்டியிருக்கும் தாழ்கள் விலக்கப்படும். அதன் பின்பே தூக்குதல். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதை 1952 டிசம்பர் 30ஆம் நாள் காட்டியது. 78ஆம் எண் பஸ் பயணிகளோடு பாலத்தின் மீது சென்றுகொண்டிருந்தபோதே, அது நின்ற பாதி மேலெழும்பத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் ஆல்பர்ட் கன்டர் நிறுத்துவதற்கு நேரமில்லை என்று கண்டு வேகத்தைக் கூட்டினார். இன்னும் எழும்பாமல் இருந்த எதிர்ப் பாதியின் மீது பஸ் பாய்ந்து விழுந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டுநருக்கு 10 பவுன் பரிசளித்தார்கள். ஓட்டுநரின் துணிவை எல்லோரும் புகழ்ந்தார்கள், புகழத்தக்கதுதான். ஆனால் துணிச்சல்காரர்கள் தேவைப்படாதபடி பார்த்துக்கொள்வதே பொறுப்பில் உள்ளவர்களின் வேலை. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் மணி அடித்து, கதவு மூட வேண்டிய நேரத்தில் கதவு மூடிய காவலர்களுக்கு எந்தப் பரிசும் இல்லை. அவர்களுடைய பெயரும் யாருக்கும் தெரியாது. உலகம் பெரும்பாலும் அவர்களால்தான் பாதுகாப்பாக நடக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். டவர் பிரிட்ஜில் ஒவ்வொரு முறையும் பாலத்தை முழுதாகத் திறப்பதில்லை. வரும் கலம் பத்திரமாகப் போவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தூக்குகிறார்கள். உரிமையைக் கொடுக்கும்போதும் தேவைக்கு மேல் பிறரை வருத்தாமல் கொடுப்பது என்பது இதுதான்.

இனி, திறக்க இயலாத நேரம் ஒன்று வந்தால்? அமெரிக்க விதிப்படி, திறக்கச் சொல்லும் படகு ஒரு நீண்ட சங்கும் ஒரு குறுகிய சங்கும் ஊதும். உடனே திறக்க முடியுமானால் பாலத்திலிருந்தும் அதே போல ஊத வேண்டும். முடியாதென்றால் ஐந்து குறுகிய சங்குகள் விரைவாக ஊத வேண்டும். எதுவாயினும் 30 விநாடிகளுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். மறுப்பதற்குக் கூட ஒரு முறை இருக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். "இப்போது இல்லை" என்று சொல்வது தவறாகாது. ஒன்றும் சொல்லாமல் காக்க வைப்பதே தவறு. ஒரு விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நாளை வா, மறுநாள் வா என்றுகூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோர் உண்டு. அலுவலகங்களில் மட்டுமா? ஜமாஅத்தின் முத்திரையும் பதிவேடும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடமும் இக்குணத்தைக் காணலாம். நிகாஹ் பதிவின் நகலுக்காக வாசலில் நிற்கும் பெண் ஒருத்திக்கு ஐந்து குறுகிய சங்குகள் கூட ஒலிப்பதில்லை.

கடன் நிற்கும், தவணை மாறலாம்

அப்படியானால் பெரும்பான்மையோரின் கஷ்டத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஃபிரிமாண்ட் பாலம் என்று ஒன்று உண்டு. 1917இல் திறக்கப்பட்டது. தண்ணீருக்கு மேலே சுமார் 9 மீட்டர் உயரமே உள்ளதால் அது அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. சராசரியாக ஒரு நாளைக்கு 35 முறை. அங்கே வேலை நாட்களில் காலை 7 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6 வரையும் சிறிய கலங்களுக்காகப் பாலம் திறக்கப்படுவதில்லை. மக்கள் வேலைக்குப் போய் வரும் நேரம் அது. ஆயிரம் டன்னும் அதற்கு மேற்பட்டதுமான பெரிய கப்பல்களுக்கு மட்டும் அந்த நேரத்திலும் விலக்கு உண்டு. குறுகிய கால்வாயில் பெரிய கப்பல் ஒன்றை நிறுத்தி வைப்பது எளிதன்று. சிறிய படகு காத்திருக்கலாம்.

இங்கே படகின் உரிமை பறிக்கப்பட்டுவிட்டதா என்றால், இல்லை. கடன் அப்படியே இருக்கிறது. அதைச் செலுத்தும் தவணைதான் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றமும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. அன்றைய மனநிலைக்கு ஏற்ப இயக்குபவர் தீர்மானிப்பதில்லை. அந்த மாற்றமும் எவர் காத்திருக்க முடியும், எவரால் முடியாது என்பதைப் பார்த்தே செய்யப்பட்டிருக்கிறது. எவருடைய குரல் உரத்தது என்பதைப் பார்த்தன்று.

உயிர் போகும் அவசரம் வந்தால் இந்த வரிசையும் மாறுகிறது. ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வருவதாகத் தகவல் கிடைத்தால், அது வந்து சேரும் நேரத்தில் பாலம் மூடியிருக்கும்படி இயன்றவரை எல்லாம் செய்ய வேண்டும் என்பதும் அதே அமெரிக்க விதிகளில் உள்ளது. ஆபத்திலிருக்கும் படகுக்கும் அவ்வாறே. நேரத்தை இழப்பது வேறு, உயிரை இழப்பது வேறு. பின்னதற்கு முன்னே எல்லா வரிசைகளும் விலகி நிற்க வேண்டும்.

நம் வாசலில்

இலண்டனையும் சியாட்டிலையும் பற்றி எழுதியதெல்லாம் பிறரைப் பாராட்டிவிட்டு உறங்கப் போவதற்காக அன்று. நாம் எங்கே பாலம் கட்டியிருக்கிறோம் என்பதைத் தேடிப் பார்ப்பதற்காகவே.

வெள்ளிக்கிழமை நண்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜும்ஆவுக்கு விரைந்து வருவோர் தம் வாகனங்களைப் பள்ளிவாசல் தெருவில் நிறுத்துகிறார்கள். பக்கத்து வீட்டு வாயிலை அடைத்துக்கொண்டும் நிறுத்துகிறார்கள். "அரை மணி நேரம்தானே, அதுவும் தொழுகைக்குத்தானே" என்ற எண்ணம். அந்த வீட்டில் இருப்பவர் முஸ்லிமாகவும் இருக்கலாம், மாற்று மதத்தவராகவும் இருக்கலாம். அவருக்கு அந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம். கடைக்குப் போக வேண்டியிருந்தாலும் அவர் வாசல் அவருடையதுதான். இங்கே ஆயிரம் பேர் நாம், படகு அவர். நம்முடைய எண்ணிக்கையும், நாம் வந்த காரியத்தின் சிறப்பும் அவருடைய ஹக்கை அழித்துவிடுமா? சாலையோரம் அமராமல் எங்களால் இருக்க இயலாது என்று கூறிய தோழர்களிடம், அப்படியானால் சாலைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பதை அந்த ஹக்குகளில் ஒன்றாக எண்ணிக் காட்டியதும் நாம் மிம்பரில் அடிக்கடி கேட்டதுதானே?

பாலத்தின் விதிகளையே இங்கும் கைக்கொள்ளலாம். வாயில்களை அடைக்காமல் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. நாம் இறக்கிக்கொள்ளக் கூடிய கொடிக்கம்பம் அது. சற்றுத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது. தவிர்க்க முடியாத பெருநாள் கூட்டமென்றால், அண்டை வீட்டாருக்கு முதல் நாளே சென்று சொல்லி வைப்பது. வெளியே பொறுப்பான இளைஞர் ஒருவரை நிறுத்தி, யார் எப்போது கேட்டாலும் உடனே பதில் சொல்லவும், வாகனத்தை விலக்கவும் ஏற்பாடு செய்வது. ஆம்புலன்ஸ் வர ஒரு பாதையை எப்போதும் விட்டு வைப்பது. நிகாஹ் பந்தலைத் தெருவின் குறுக்கே போடுவோரும் இதையே சிந்திக்கலாம். மணமக்களுக்குக் கிடைக்கும் துஆக்களோடு, வழி அடைபட்டவரின் பெருமூச்சும் சேர்ந்து வருவதை எவர்தாம் விரும்புவார்?

வெளியே மட்டுமன்று, வீட்டுக்குள்ளும் இப்படிப்பட்ட பாலங்கள் உண்டு. எல்லோரும் அவரவர் நேரத்துக்கு வந்து, அவரவர் நேரத்துக்கு உண்டு எழுகிறார்கள். எல்லோருடைய வசதியும் சேர்ந்து ஒருத்தியின் பொழுதின் குறுக்கே பாலமாகப் படுத்திருக்கிறது. அவள் உண்பது கடைசியில், உறங்குவது கடைசியில், அவளுடைய உடல்நலக் குறைவு கேட்கப்படுவதும் கடைசியில். அவள் ஒருநாளும் "திறங்கள்" என்று கேட்டதில்லை. கேட்காததால் அவளுக்கு வழியே தேவையில்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். படகுக்குச் சங்காவது இருக்கிறது. சங்கு இல்லாதவர்களின் ஹக்கை யார் கேட்டுக் கொடுப்பது? வீட்டில் கைப்பிடி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கேட்டுக் கொடுக்க வேண்டும். அவர் அதற்குக் காத்திருப்பதற்கும் நியாயமில்லை; அவளுடைய வழியை அடைத்திருப்பது யார் என்பது அவருக்குத் தெரியும்.

பெருங்கூட்டமாக இருப்பது குற்றமாகாது. பாலம் கட்டுவதும் குற்றமாகாது. பாலங்கள் இல்லாமல் மனிதர்கள் வாழ முடியாது. எங்கே யாருடைய வழியின் குறுக்கே நமது வசதி நிற்கிறது என்பதை மறந்துவிடுவதுதான் குற்றம். சாலையில் நிற்கும் ஆயிரத்தில் ஒருவராக இருக்கும்போது பொறுமையோடு நிற்போம். படகில் இருக்கும்போது, இறக்கக் கூடியதை இறக்கிவிட்டு முறையோடு கேட்போம். கைப்பிடி நம் கையில் வந்துவிட்டால், அது நம்முடையதன்று என்பதை நினைவில் வைத்து, உரிய நேரத்தில், உரிய அளவு திறப்போம். அந்த மூன்று இடங்களிலும் மாறி மாறித்தான் நாம் ஒவ்வொருவரும் நிற்கிறோம். எந்த இடத்தில் நின்றபோது எப்படி நடந்துகொண்டோம் என்ற கேள்விக்கு ஒருநாள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலுக்கு இன்றே ஆயத்தமாகும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!